ரீட்-ஒன்லி ராஸ்பெர்ரி பையில கடிகாரம் தப்பாம ஓட வைக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

சித்தப்பா தோட்டத்து மோட்டார் ரூம்ல ஒரு ராஸ்பெர்ரி பை 3 (உள்ளங்கை சைஸ் குட்டி கம்ப்யூட்டர்) போட்டு வெச்சிருக்கேன். த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வந்துச்சு, எப்ப போச்சு, மோட்டார் எவ்ளோ நேரம் ஓடுச்சுன்னு குறிச்சு வைக்கறது மட்டும்தான் அதுக்கு வேலை. அங்க கரண்ட் போறதும் வர்றதும் நம்ம கையில இல்ல, சொல்லாம கொள்ளாம புடுங்கிப் புடுங்கி ஒரே வருஷத்துல ரெண்டு எஸ்டி கார்டு காலி. சரின்னு ஓவர்லே ஃபைல் சிஸ்டம் ஆன் பண்ணி கார்டுல எதுவுமே எழுதாத மாதிரி பண்ணிட்டேன், கார்டு பிரச்சனை அதோட தீந்துச்சு. அடுத்த வாரம் ரௌட்டர் படுத்துருச்சு, சித்தப்பா போன் பண்றாரு: "ஏன்டா தம்பி, உன் பொட்டி எப்ப கரண்ட் வந்தாலும் வியாழக்கிழமை சாயங்காலம் நாலு பதினேழுன்னே ஆரம்பிக்குது, இங்க ஞாயித்துக்கிழமை கறி எடுத்து சாப்ட்டே முடிச்சாச்சு!"

அந்த நாலு பதினேழு என்னன்னு தேடினதுல கத்துக்கிட்டதைத்தான் இங்க முழுசா எழுதறேன். கமாண்ட், ஃபைல் பேரெல்லாம் உச்சரிக்கற மாதிரி தமிழ்ல எழுதியிருக்கேன், அடிக்கும்போது நீங்க வழக்கம்போல அடிச்சுக்கோங்க.

முதல்ல, ஏன் இப்படி ஆகுது

பை 4 வரைக்கும் எந்த ராஸ்பெர்ரி பையிலயும் ஆர்டிசி கிடையாது, அதாவது பேட்டரியில ஓடற கடிகாரம் போர்டுல இல்ல. கரண்ட் போனா நேரமும் போச்சு. கெர்னல் எழுந்திருக்கும்போது அதுக்குத் தெரிஞ்ச தேதி 1970 ஜனவரி 1 மட்டும்தான். அப்படி விட்டா அசிங்கமா இருக்கும்னு ஃபேக்-எச்டபிள்யூக்ளாக்னு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வெச்சிருக்காங்க, அது மணிக்கு ஒரு தடவையும் ஷட்டவுன் ஆகும்போதும் நேரத்தை ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுட்டு, அடுத்த பூட்ல அதையே எடுத்து வெக்கும். நெட்ல இருந்து நேரம் எடுக்கற சிஸ்டம்டி-டைம்சிங்க்டியும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் பண்ணுது, அது ஒரு ஃபைலோட மாடிஃபைடு டைமைப் பாத்துக்கும்.

ஓவர்லே போட்டா எழுதறதெல்லாம் ராம்ல போயிரும். எரர் எதுவும் வராது, எழுதின மாதிரியே நடிக்கும், அதுதான் இதுல விஷமே. நான் ஓவர்லேவை ஆன் பண்ணி ரீபூட் குடுத்த அந்த நொடியில ஃபேக்-எச்டபிள்யூக்ளாக் கடைசியா ஒரு தடவை நிஜமா கார்டுல எழுதியிருக்கு. அது வியாழக்கிழமை 4:17. அதுக்கப்பறம் எத்தனை தடவை கரண்ட் வந்தாலும் அந்த 4:17தான்.

நெட் இருந்தா என்டிபி (நெட்ல இருக்கற சர்வர்கிட்ட நேரம் கேக்கற முறை) வந்து ஒரு நிமிஷத்துல சரி பண்ணிரும், அதனால ரொம்ப நாளைக்கு யாருக்கும் தெரியவே தெரியாது. அப்பறம் திடீர்னு ஒரு நாள் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ் மாதிரி பாதுகாப்பான) கனெக்‌ஷன் எல்லாம் ஃபெயில் ஆகும், "சர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடியாகல"ன்னு திட்டும். யோசிச்சுப் பாருங்க, லெட்ஸ் என்க்ரிப்ட்னு இலவசமா குடுக்கறவங்களோட சர்டிஃபிகேட் 90 நாளைக்குத்தான், வழக்கமா 60 நாள்ல புதுசு பண்ணிருவாங்க. உங்க பொட்டி மார்ச்ல உறைஞ்சு நிக்குது, சர்வர்ல மே மாச சர்டிஃபிகேட். பூட் ஆனவுடனே கனெக்ட் பண்ணப் பாத்தா, பொட்டியைப் பொறுத்தவரை அது எதிர்காலத்துல இருந்து வந்த சர்டிஃபிகேட். அதான் இன்ஸ்டால் பண்ணி ரெண்டு மாசம் ஜம்முன்னு ஓடிட்டு அப்பறம் மண்டையப் போடும். நான் இதுல மூணு நாள் சர்வரையே குறை சொல்லிட்டு இருந்தேன்.

உங்க ரீட்-ஒன்லி எந்த வகைன்னு பாருங்க

ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு மேல சொன்ன ஓவர்லே, ராஸ்பி-கான்ஃபிக்ல பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ் உள்ள போய் ஆன் பண்றது, எழுதற மாதிரி நடிக்கற வகை. இன்னொண்ணு எஃப்எஸ்டேப்ல ரூட்டை நிஜமாவே ஆர்ஓன்னு மவுண்ட் பண்றது, பில்ட்ரூட், யாக்டோ மாதிரி கருவியில சொந்தமா பண்ற லினக்ஸ் இமேஜ்ல இதைத்தான் நிறைய பாப்பீங்க, இதுல எழுதப் போனா மூஞ்சியில அடிச்ச மாதிரி எரர் வரும். என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் நேர்மையானது, ஆனா ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ல அதுக்கு நிறைய மெனக்கெடணும். இங்க ஓவர்லேவை வெச்சே சொல்றேன், மத்தது மாறற இடத்துல குறிப்பு குடுக்கறேன்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஓவர்லேவை ஆஃப் பண்ணி ரீபூட் பண்ணிக்கோங்க. இதை மறந்துட்டு ரெண்டு மணி நேரம் கான்ஃபிக் பண்ணி ரீபூட்ல எல்லாம் காணாம போற கொடுமை எனக்கு நடந்திருக்கு, ரெண்டு தடவை.

ஆர்டிசி மாட்டுங்க, இதுக்கு மாத்து கிடையாது

நெட்டை மட்டும் நம்பி ஓட்டலாம்னு தோணும். கரண்ட் வரும்போது ரௌட்டரும் கூடத்தான் எழுந்திருக்கும், பை அதுக்கு முன்னாடி எழுந்து உக்காந்திருக்கும், அந்த இடைவெளியில எழுதற ஒவ்வொரு வரியும் தப்பான தேதியில போகும். அதனால நூத்துக்கணக்குல செலவு பண்ணி ஒரு டிஎஸ்3231 ஆர்டிசி மாட்யூல் வாங்கிருங்க.

ஏன் டிஎஸ்3231, ஏன் டிஎஸ்1307 வேண்டாம்? 1307-க்கு வெளியில இருக்கற 32.768 கிலோஹெர்ட்ஸ் க்ரிஸ்டல்தான் துணை, 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) தப்புன்னு வெச்சாலே ஒரு நாளைக்கு 1.7 செகண்ட், மாசத்துக்கு ஒரு நிமிஷத்துக்கிட்ட ஓடிரும், வெயில் ஏறினா இன்னும் மாறும். அதுவும் 5 வோல்ட் சிப், அந்த போர்டுல ஐ2சி (பையும் சிப்பும் பேசிக்கற ரெண்டு வயர்) லைனை 5 வோல்ட்டுக்கு இழுத்து வெச்சிருப்பாங்க, பையோட பின் 3.3 வோல்ட்டுக்கு மேல தாங்காது. டிஎஸ்3231 உள்ளயே டெம்பரேச்சரைப் பாத்து தன்னைத் திருத்திக்கும், 0-ல இருந்து 40 டிகிரி வரைக்கும் ±2 பிபிஎம், அதாவது மோசமா போனாக்கூட வருஷத்துக்கு ஒரு நிமிஷம். டிஎஸ்3231எம்-னு ஒண்ணு வரும், அது ±5 பிபிஎம், நம்ம வேலைக்கு அதுவும் போதும்.

வயரிங் ஈஸி. பின் 1-ல 3.3 வோல்ட், பின் 3-ல எஸ்டிஏ, பின் 5-ல எஸ்சிஎல், பின் 9-ல கிரவுண்ட். அஞ்சு கால் இருக்கற குட்டி மாட்யூலா இருந்தா 1, 3, 5, 7, 9-ல அப்படியே சொருகிரலாம், 7-ல அதுக்கு எதுவும் கனெக்‌ஷன் இல்ல.

பேட்டரி விஷயத்துல மட்டும் கொஞ்சம் நில்லுங்க. இசட்எஸ்-042ன்னு எழுதின நீல கலர் பெரிய போர்டுல ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வெச்சு பேட்டரியை சார்ஜ் பண்ற சர்க்யூட் இருக்கு, அது எல்ஐஆர்2032-ங்கற ரீசார்ஜபிள் செல்லுக்காக. நம்ம கடையில வாங்கி போடறது சிஆர்2032, அதை சார்ஜ் பண்ணக்கூடாது, 5 வோல்ட்ல கனெக்ட் பண்ணியிருந்தா செல் உப்பும், ஒழுகும். 3.3 வோல்ட்ல குடுத்தா டையோடு தாண்டி வர்ற வோல்ட்டேஜ் செல்லைவிடக் கம்மியா இருக்கும், பரவால்ல, ஆனாலும் நான் சால்டரிங் அயர்ன் வெச்சு அந்த ரெசிஸ்டரை எடுத்துருவேன். மோட்டார் ரூம் தகர ஷெட், ஏப்ரல்ல உள்ள போனா நமக்கே மயக்கம் வரும், அங்க போய் செல்லோட விளையாட வேண்டாம்.

பை 5 வெச்சிருக்கறவங்களுக்கு போர்டுலயே ஆர்டிசி இருக்கு, பேட்டரிக்கு ஜே5-ன்னு ரெண்டு பின் சாக்கெட். கம்பெனி விக்கற ரீசார்ஜபிள் லித்தியம் செல்லைப் போட்டு, கான்ஃபிக் டாட் டிஎக்ஸ்டில "டிடிபாரம்=ஆர்டிசி_பிபிஏடி_விசிஎச்ஜி=3000000"னு சேத்தாத்தான் சார்ஜே ஆகும், டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும். இங்கயும் சிஆர்2032 போட்டுட்டு சார்ஜிங்கை ஆன் பண்ணிராதீங்க. பேட்டரியே மாட்டலேன்னா ஆர்டிசி இருந்தும் பிரயோஜனம் இல்ல, இது தெரியாம "பை 5-ல ஆர்டிசி வேலை செய்யல"ன்னு புலம்பறவங்க நிறைய.

சாஃப்ட்வேர்ல ஆர்டிசியை அறிமுகப்படுத்தறது

ராஸ்பி-கான்ஃபிக்ல ஐ2சியை ஆன் பண்ணுங்க. "ஐ2சிடிடெக்ட் -ஒய் 1" அடிச்சா கட்டத்துல 68ன்னு தெரியணும். இசட்எஸ்-042 போர்டா இருந்தா கூடவே 57-ம் தெரியும், அது போர்டுல இருக்கற ஈஈப்ராம். அப்பறம் கான்ஃபிக் டாட் டிஎக்ஸ்டில "டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231"னு ஒரு வரி சேருங்க. புக்வோர்ம்ல (டெபியன் 12) இருந்து இந்த ஃபைல் பூட் ஃபோல்டருக்குள்ள ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல இருக்கு, பழைய வெர்ஷன்ல நேரா பூட்லயே. ரீபூட் பண்ணிட்டுப் பாத்தா 68 இருந்த இடத்துல யூயூன்னு வந்திருக்கும், அப்படின்னா டிரைவர் எடுத்துக்கிட்டாச்சு.

இப்ப ஃபேக்-எச்டபிள்யூக்ளாக்கை அன்இன்ஸ்டால் பண்ணிருங்க. இருந்துட்டுப் போகட்டுமேன்னு விடாதீங்க, ஒரு வீட்டுல ரெண்டு கடிகாரம் வேற வேற மணி காட்டினா எதை நம்பறது?

நெட் இருக்கற இடத்துல வெச்சு சிஸ்டம் டைம் சரியா இருக்கான்னு பாத்துட்டு "எச்டபிள்யூக்ளாக் -டபிள்யூ" அடிங்க, ஆர்டிசில எழுதிரும். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"னு வந்தா பயப்படாதீங்க, டெபியன் 12-ல இருந்து அது யூட்டில்-லினக்ஸ்-எக்ஸ்ட்ராங்கற பேக்கேஜுக்குள்ள போயிருச்சு. புது மாட்யூலை முதல் தடவை படிக்கும்போது "இன்வாலிட் ஆர்க்யூமென்ட்"னு வரலாம். சிப்புக்குள்ள இன்னும் சரியான நேரம் இல்ல, ஒரு தடவை நேரத்தை எழுதினா சரியாயிரும். ரொம்ப நாள் ஓடின பொட்டியில இந்த எரர் வந்தா செல் தீந்திருக்கலாம்.

நிஜ ஆர்ஓ மவுண்ட் வகைக்காரங்களுக்கு: எச்டபிள்யூக்ளாக் எழுதும்போது ஈடிசி ஃபோல்டர்ல இருக்கற அட்ஜ்டைம் ஃபைலையும் தொடப் பாக்கும், அங்க முட்டிக்கும். "--நோஅட்ஜ்ஃபைல் --யூடிசி" ரெண்டையும் சேத்து அடிச்சா அந்த ஃபைல் பக்கமே போகாது. ஆர்டிசில எப்பவும் யூடிசியையே வைங்க, இந்திய நேரம் அஞ்சரை மணி நேரம் கூட்டறதை டைம்சோன் பாத்துக்கும்.

பூட்ல ஆர்டிசில இருந்து நேரம் எடுக்குதான்னு டிமெசக்ல (கெர்னலோட லாக்) தேடுங்க. "செட்டிங் சிஸ்டம் க்ளாக் டு"ன்னு ஒரு வரி இருந்தா கெர்னலே எடுத்துக்குச்சு, வேலை முடிஞ்சுது. இல்லேன்னா யூடெவ் ஃபோல்டர்ல இருக்கற எச்டபிள்யூக்ளாக்-செட் ஸ்கிரிப்டைத் தொறந்து, சிஸ்டம்டி இருந்தா வெளிய போயிருன்னு சொல்ற மூணு வரியையும் கமெண்ட் பண்ணுங்க.

என்டிபிக்கு க்ரோனி

டைம்சிங்க்டியே போதும்னு சொல்றவங்க இருக்காங்க, எப்பவும் நெட் இருக்கற இடத்துக்கு அது சரிதான். விட்டு விட்டு நெட் வர்ற இடத்துக்கு க்ரோனிங்கற என்டிபி ப்ரோக்ராம்தான். டெபியன்ல க்ரோனியை இன்ஸ்டால் பண்ணா டைம்சிங்க்டி தானா கழண்டுக்கும்.

க்ரோனி டாட் கான்ஃப்ல மூணு விஷயம் பாருங்க. "ஆர்டிசிசிங்க்" இருக்கணும், அது இருந்தா நேரம் சிங்க் ஆனப்பறம் கெர்னல் 11 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆர்டிசியையும் திருத்தும், ஷட்டவுன் வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம், கரண்ட் எப்ப புடுங்கினாலும் ஆர்டிசில புது நேரம் இருக்கும். ரெண்டாவது "மேக்ஸ்டெப் 1 3", ஒரு செகண்டுக்கு மேல தப்பு இருந்தா முதல் மூணு அப்டேட்ல மட்டும் ஒரே தாவா தாவிக்கோ, அதுக்கப்பறம் மெதுவா இழுத்துக்கோன்னு அர்த்தம். ரௌட்டர் பத்து நிமிஷம் லேட்டா வந்தாலும் பிரச்சனை இல்ல, அது எண்றது அப்டேட்டை, நிமிஷத்தை இல்ல. மைனஸ் ஒண்ணு போட்டா எப்ப வேணா தாவும், லாக் எடுக்கற பொட்டிக்கு அது ஆகாது, ஒரே நிமிஷம் ரெண்டு தடவை வந்துரும்.

மூணாவது சர்வர். இந்தியாவுல என்ஐசியோட (தேசிய தகவலியல் மையம்) சமய்1, சமய்2 சர்வர், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட சர்வர் எல்லாம் இருக்கு. கம்பெனி சிஸ்டம் எல்லாம் இதுலயோ, இதோட ஒத்துப்போற சர்வர்லயோ சிங்க் ஆகணும்னு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரல் 28-ல உத்தரவே போட்டுச்சு. அதோட இந்தியாவுக்கான பூல் சர்வரையும் சேத்து மொத்தம் நாலு வைங்க. ரெண்டே ரெண்டு வெச்சு ரெண்டும் வேற வேற சொன்னா க்ரோனிக்கு யாரை நம்பறதுன்னு தெரியாது. கூகுள் சர்வரை மத்ததோட கலக்காதீங்க, அவங்க லீப் செகண்டை (உலக நேரத்துல எப்பவாவது சேக்கற ஒரு செகண்ட்) 24 மணி நேரத்துல பரப்பி விடுவாங்க, மேல சொன்ன சர்வர் எல்லாம் அப்படிப் பண்றதில்ல.

டிரிஃப்ட் ஃபைல், யாரும் கண்டுக்காத சமாச்சாரம்

உங்க போர்டோட க்ரிஸ்டல் எவ்ளோ வேகமா இல்ல மெதுவா ஓடுதுன்னு க்ரோனி ஒரு நாள் பாத்து கத்துக்கிட்டு டிரிஃப்ட் ஃபைல்ல எழுதி வெக்கும். என் பையில மைனஸ் ஆறே முக்கால் பிபிஎம் சொச்சம், அப்படியே விட்டா நாளைக்கு அரை செகண்டுக்கு மேல தப்பும். ஓவர்லேல இந்த ஃபைல் ஒவ்வொரு பூட்லயும் அழிஞ்சு, பாவம் க்ரோனி எல்கேஜில இருந்து மறுபடியும் படிக்கணும்.

இதுக்கு சோம்பேறி வழி ஒண்ணு இருக்கு, எனக்குப் பிடிச்சதும் அதுதான். ஓவர்லே ஆஃப்ல இருக்கும்போதே பையை அது வேலை செய்யப்போற இடத்துலயே ரெண்டு நாள் ஓட விடுங்க, ஏசி ரூம்ல இல்ல, அதே தகர ஷெட்ல. "க்ரோனிசி ட்ராக்கிங்" அடிச்சா ஃப்ரீக்வென்சி நம்பர் பெருசா ஆடாம நிக்கும். அப்பறம் ஓவர்லேவை ஆன் பண்ணுங்க. அந்த டிரிஃப்ட் ஃபைல் இமேஜுக்குள்ளயே உறைஞ்சிரும், ஒவ்வொரு பூட்லயும் சரியான வேகத்துல ஆரம்பிக்கும். க்ரிஸ்டல் வெயிலுக்கு சில பிபிஎம் ஆடும்தான், ஆனா பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கறதைவிட எவ்ளோவோ மேல்.

உறைய வேண்டாம், எழுதியே ஆகணும்னா கார்டுல 64 எம்பிக்கு தனியா ஒரு குட்டி பார்ட்டிஷன் போட்டு, அதுல ஒரு ஃபோல்டரை க்ரோனியோட வார்-லிப் ஃபோல்டர் மேல பைண்ட் மவுண்ட் பண்ணுங்க. கான்ஃபிக்ல பாத்தை மாத்தாதீங்க, க்ரோனி சர்வீஸுக்கு அதோட ஃபோல்டரைத் தவிர வேற எங்கயும் எழுத அனுமதி இருக்காது, சத்தமில்லாம ஃபெயில் ஆகும். டீஃபால்ட்டா மணிக்கு ஒரு தடவைதான் எழுதும், கார்டுக்கு இது ஒண்ணுமே இல்ல. இதுல ஒரு போனஸ்: க்ரோனிடிக்கு "-எஸ்" ஆப்ஷன் குடுத்தா பூட்ல ஆர்டிசியைப் பாக்கும், ஆர்டிசி செத்திருந்தா டிரிஃப்ட் ஃபைலோட கடைசி தேதியை எடுத்துக்கும். செல் தீந்தாலும் 1970-க்குப் போக மாட்டீங்க.

ஒரு பொறி: ஓவர்லேரூட் டீஃபால்ட்டா மத்த பார்ட்டிஷனையும் சேத்து மூடிரும்! சிஎம்டிலைன் டாட் டிஎக்ஸ்டில "ஓவர்லேரூட்=டிஎம்பிஎஃப்எஸ்"னு இருக்கறதை "ஓவர்லேரூட்=டிஎம்பிஎஃப்எஸ்:ரிகர்ஸ்=0"ன்னு மாத்துங்க. இல்லேன்னா உங்க குட்டி பார்ட்டிஷனும் நடிக்க ஆரம்பிச்சிரும்.

உங்க ப்ரோக்ராமுக்கும் பொறுமை கத்துக் குடுங்க

சர்வீஸ் ஃபைல்ல "ஆஃப்டர்"லயும் "வான்ட்ஸ்"லயும் டைம்-சிங்க் டாட் டார்கெட்டைப் போட்டு, க்ரோனி-வெயிட் சர்வீஸை எனேபிள் பண்ணா நேரம் சரியாகற வரைக்கும் (டீஃபால்ட்டா அதிகபட்சம் மூணு நிமிஷம்) உங்க ப்ரோக்ராம் காத்திருக்கும். டிஎல்எஸ்ல டேட்டா அனுப்பறதுக்கு இது நல்லது. ஆனா சென்சார் படிக்கற ப்ரோக்ராமுக்கு இதைப் போடாதீங்க, நெட் வரலேன்னு மோட்டார் ஓடினதையே குறிக்காம விட்டா அப்பறம் பொட்டி எதுக்கு? நான் ரெண்டையும் தனித்தனி சர்வீஸா பிரிச்சுட்டேன்.

சென்சார் வரி ஒவ்வொண்ணுலயும் சுவர்க் கடிகார நேரத்தோட மோனோடோனிக் நேரத்தையும் பூட் ஐடியையும் (ஒவ்வொரு பூட்டுக்கும் லினக்ஸ் குடுக்கற தனி அடையாளம்) சேத்து எழுதுங்க. மோனோடோனிக்குங்கறது பூட்ல இருந்து ஓடற கணக்கு, தேதியை எத்தனை தடவை மாத்தினாலும் அது தாவாது. ஒரு பூட்ல கடைசியில ஒரே ஒரு வரிக்கு சரியான நேரம் கிடைச்சாப் போதும், அந்த பூட்ல இருக்கற மத்த எல்லா வரியையும் கழிச்சுப் பாத்து திருத்திரலாம். ரெண்டு சம்பவத்துக்கு நடுவுல எவ்ளோ நேரம்னு கணக்குப் போடவும் இதையே வெச்சுக்கோங்க. சித்தப்பா மோட்டார் ஒரு நாள்ல மைனஸ் மூணு மணி நேரம் ஓடினதா என் பழைய ரிப்போர்ட்ல இருந்துச்சு, இன்னும் சொல்லிக் காட்டுவாரு.

சிஸ்டம்டி டைமர்ல "பெர்சிஸ்டன்ட்" ஆன்ல இருந்தா அது கடைசியா எப்ப ஓடினேன்னு கார்டுல ஒரு முத்திரை ஃபைல் வெக்கும். ஓவர்லேல அதுவும் உறைஞ்சு நிக்கும், அதனால ஒவ்வொரு பூட்லயும் "அய்யய்யோ விட்டுப்போச்சே"ன்னு ஆப்ட் அப்டேட்டை ஓட்டி டேட்டாவைத் தின்னும். ஆப்ட்-டெய்லி டைமர் ரெண்டையும் மாஸ்க் பண்ணிருங்க.

நெட்டே இல்லாத இடம்

ஜிபிஎஸ் மாட்யூல் போடுங்க, பிபிஎஸ் (செகண்டுக்கு ஒரு துடிப்பு குடுக்கற) காலோட வர்றதா பாத்து வாங்கினா மைக்ரோசெகண்ட் அளவுக்கு நேரம் கிடைக்கும். பழைய ஸ்டாக் மட்டும் உஷார், ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒரு தடவை பூஜ்யத்துக்குப் போயிரும், கடைசியா போனது 2019 ஏப்ரல்ல, அதைச் சமாளிக்கத் தெரியாத மாட்யூல் கிட்டத்தட்ட 20 வருஷம் பின்னாடி தேதி காட்டும். தகர ஷெட்டுக்குள்ள ஆன்டெனா வெச்சா ஒண்ணும் வராது, வெளிய இழுக்கணும். நெட் இருந்தும் யூடிபி 123 போர்ட்டை அடைச்சு வெச்சிருக்கற இடமா இருந்தா எச்டிபிடேட்னு ஒண்ணு இருக்கு, வெப் சர்வர் அனுப்பற தேதியைப் படிச்சுக்கும், ஒரு செகண்ட் முன்ன பின்ன இருக்கும், ஆர்டிசியைத் திருத்த அது போதும்.

டெஸ்ட்: ப்ளக்கைப் புடுங்குங்க

ஓவர்லேவை ஆன் பண்ணி ரீபூட் பண்ணுங்க. "க்ரோனிசி சோர்சஸ்"ல ஏதாவது ஒரு சர்வருக்குப் பக்கத்துல நட்சத்திரம் வர்ற வரைக்கும் இருங்க, அப்பறம் இன்னொரு கால் மணி நேரம், 11 நிமிஷக் கணக்கு ஒரு தடவையாவது ஓடட்டும். இப்ப நெட் கேபிளைக் கழட்டுங்க, வைஃபையை ஆஃப் பண்ணுங்க, ஷட்டவுன் எதுவும் குடுக்காம பவரை அப்படியே புடுங்குங்க. அஞ்சு நிமிஷத்துல போட்டுப் பாத்து சந்தோஷப்படாதீங்க, ஒரு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில நெட் இல்லாமயே போட்டு "டேட்" அடிச்சு போன்ல இருக்கற நேரத்தோட ஒப்பிடுங்க, ஒரு செகண்டுக்குள்ள இருந்தா எல்லாம் சரி. நேத்து ராத்திரி நேரத்தைக் காட்டினா டிரிஃப்ட் ஃபைல் தேதியில இருந்து எடுத்திருக்கு, ஆர்டிசியைப் படிக்கல. ஓவர்லே ஆன் பண்ண தேதியைக் காட்டினா அப்பவும் ஆர்டிசியைப் படிக்கல, குட்டி பார்ட்டிஷன் போட்டிருந்தா அதுவும் மூடியிருக்கு, ரிகர்ஸ் வரியைப் பாருங்க. 2000 ஜனவரி 1 காட்டினா செல்லைக் கழட்டி மல்டிமீட்டர்ல வெச்சுப் பாருங்க, எனக்கு ஒரு தடவை புதுசுன்னு குடுத்த செல்லே 2.1 வோல்ட்தான் இருந்துச்சு.